பெரிய குரூஸ் கப்பலில் இரவு உணவு எத்தனை மணிக்கு? பஃபே எப்போது திறந்திருக்கும்?

முதல்முறை குரூஸ் கப்பலில் போகிறவர்கள் விமான டிக்கெட், விசா, எந்தப் பக்கத்துக் கேபின் என்று எல்லாவற்றையும் பல மாதங்களுக்கு முன்பே யோசிக்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் யோசிப்பதில்லை. "சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், பஃபே நாள் முழுக்கத் திறந்திருக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதி அப்படி இல்லை. கப்பலில் உணவுக்குப் பஞ்சமே கிடையாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தெரியாமல் ஏறினால், கரையில் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்பும்போது பஃபேயில் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்துகொண்டு ஏறினால் வரிசையில் நிற்கும் நேரமும் குறையும்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. இரவு உணவு நேரத்தை வீட்டில் இருக்கும்போதே, டிக்கெட் பதிவு செய்யும் அன்றே தீர்மானிக்க வேண்டும். பஃபே நேரங்களைக் கப்பலில் ஏறிய அன்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரவு உணவு: இரண்டு பந்தியா, விரும்பிய நேரமா

ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2024 ஜனவரியில் பயணிகளோடு ஓடத் தொடங்கியது. எல்லாப் படுக்கையும் நிறைந்தால் அதில் சுமார் 7,600 பயணிகள் இருப்பார்கள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் மேசையில் உட்காரவைத்துப் பரிமாற எந்தக் கப்பலிலும் இடம் கிடையாது. அதனால்தான் பெரிய கப்பல்களின் முதன்மை உணவுக்கூடத்தில் இரவு உணவை இரண்டு பந்தியாகப் போடுகிறார்கள். முதல் பந்தி பெரும்பாலும் மாலை 5.30-க்கும் 6-க்கும் இடையில் தொடங்கும். இரண்டாவது பந்தி 7.45-க்கும் 8.30-க்கும் இடையில். பயணம் முழுக்க அதே நேரம், அதே மேசை, பெரும்பாலும் அதே வெயிட்டர்தான். அரங்கத்தில் நடக்கும் ஆட்டம் பாட்டு நிகழ்ச்சிகளையும் இதற்குத் தகுந்தபடிதான் அமைப்பார்கள். ஒரு பந்தி சாப்பிடும்போது இன்னொரு பந்திக்காரர்கள் நிகழ்ச்சி பார்ப்பார்கள்.

இன்னொரு முறை, விரும்பிய நேரத்தில் போய்ச் சாப்பிடுவது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல் குரூசிங்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து, நிலையான பந்தியையே எடுத்துவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் பந்தி முறைக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்தன. ராயல் கரீபியனில் 'மை டைம் டைனிங்', கார்னிவலில் 'யுவர் டைம் டைனிங்', செலிபிரிட்டியில் 'செலக்ட் டைனிங்' என்று பெயர்கள்தான் வேறு. கூடம் திறந்திருக்கும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், இடம் இருந்தால் உடனே உட்கார வைப்பார்கள்.

டிஸ்னி கப்பல்களில் இதில் ஒரு நல்ல வேறுபாடு இருக்கிறது. நேரம் மாறாது, இடம் மாறும். மூன்று உணவகங்களில் ஒவ்வொரு இரவும் ஒன்றுக்கு அனுப்புவார்கள், உங்களுக்குப் பரிமாறும் வெயிட்டர்களும் உங்களோடு கூடவே மாறி வருவார்கள். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதை வைத்துத்தான் பலரும் பந்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கப்பலில் அது உதவாது. பயண அட்டவணையைக் கையில் எடுங்கள். கப்பல் எந்தெந்த நாளில் துறைமுகத்தில் நிற்கிறது, அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பாருங்கள். கிளம்பும் நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பல் 6 மணிக்குக் கிளம்புகிறது, 5.30-க்குள் ஏறிவிட வேண்டும். நீங்கள் 5 மணிக்கே வந்தாலும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, லிஃப்டுக்குக் காத்திருந்து, கேபினுக்குப் போய்க் குளித்து உடை மாற்றி, 5.30 பந்திக்குப் போய்ச் சேர முடியாது. 6 மணிப் பந்தியாக இருந்தால் ஓட்டமும் நடையுமாகப் போகலாம். அதுவும் கப்பல் கரையைவிட்டு நகரும் காட்சியை விட்டுவிட்டுப் போக வேண்டும். வாரத்தில் நான்கு ஐந்து துறைமுகங்கள் இருந்தால் இந்த அவசரம் நான்கு ஐந்து மாலைகள் நடக்கும்.

அதனால் துறைமுகங்கள் நிறைந்த பயணத்துக்கு இரண்டாவது பந்தியைத்தான் நான் சொல்வேன். கடலிலேயே பல நாள் ஓடும் பயணத்தில் முதல் பந்தி நன்றாக இருக்கும். 8 மணிக்குள் சாப்பாடு முடிந்து மாலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

சிறு குழந்தைகளோடு போகிறவர்கள், சீக்கிரம் படுக்கும் பெரியவர்கள், நேரத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எந்தப் பயணமானாலும் முதல் பந்தியை எடுத்துக்கொள்வது நல்லது. முதன்மை உணவுக்கூடத்தில் முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று வரிசையாக வருவதால் ஒன்றரை மணி நேரம் ஆகும், சில இரவுகளில் இரண்டு மணி நேரமும் ஆகலாம். 8.15-க்கு உட்கார்ந்த குழந்தை இனிப்பு வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிடும். துறைமுக நாட்களில் மட்டும் பந்தியை விட்டுவிட்டுப் பஃபேயில் சாப்பிடலாம் என்று அவர்கள் முன்கூட்டியே நினைத்துக்கொண்டால் அவசரமே இல்லை.

விரும்பிய நேரம் என்பது கேட்க மிகவும் வசதியாகத் தெரியும். ஆனால் 6.30-க்கும் 7.30-க்கும் இடையில்தான் எல்லோருக்கும் 'விரும்பிய நேரம்' வரும், அப்போது வாசலில் வரிசை நிற்கும். இதைத் தேர்ந்தெடுத்தால் நிறுவனத்தின் செயலியில் ஒவ்வொரு இரவுக்கும் நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பல நிறுவனங்களில் பயணத்துக்கு முன்பே செய்யலாம், கார்னிவல் போன்றவற்றில் அன்றன்று செயலியிலேயே வந்திருப்பதைத் தெரிவித்து, மேசை தயாரானதும் செய்தி வரும்வரை வேறு எங்காவது உட்கார்ந்திருக்கலாம். ஒரு வெயிட்டர் பிடித்துவிட்டால் அவருடைய பகுதியிலேயே இடம் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பதிவுச் சீட்டில் இரவு உணவு நேரம் எழுதியிருக்கும். கேட்ட நேரம் நிறைந்துவிட்டால் காத்திருப்புப் பட்டியல் என்று வரும். கவலைப்பட வேண்டாம், புறப்படுவதற்குள் பலருக்கு மாறிவிடும். மாறாவிட்டால் ஏறிய அன்று பிற்பகலில் உணவுக்கூடத்தின் தலைமை அதிகாரியைப் பாருங்கள். மெத்ர் டி என்று அழைப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு அவர் இருப்பார் என்று அன்றைய நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும். சீக்கிரம் போகிறவருக்குத்தான் வழி பிறக்கும்.

உறவினர்கள் பல கேபின்களாகப் போகிறீர்கள் என்றால் எல்லாருடைய பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அண்ணன் முதல் பந்தியிலும் தம்பி இரண்டாவது பந்தியிலும் உட்காரும்படி ஆகிவிடும், கப்பலில் ஏறிய பிறகு பத்துப் பேருக்கு ஒரே மேசை பிடிப்பது கஷ்டம். இருவர் மட்டும் போனாலும் மேசை அளவைக் கேட்டுவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆறு பேர், எட்டுப் பேர் மேசையில் அறிமுகமில்லாதவர்களோடு உட்கார வைப்பார்கள். அது சிலருக்குப் பயணத்தின் நல்ல பகுதியாகவே அமைந்துவிடும், சிலருக்கு ஒத்துவராது.

சைவ உணவு, ஒவ்வாமை, உப்பு குறைத்த உணவு போன்ற எதுவாக இருந்தாலும் பல வாரங்களுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். ஏறிய பிறகு முதல் இரவே தலைமை வெயிட்டரிடம் நேரில் மறுபடியும் சொல்லுங்கள். பல கப்பல்களில் மறுநாளைய உணவுப் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, உங்களுக்கு ஏற்றபடி சமைத்து வைப்பார்கள். ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்ற பந்தி முறையின் பெரிய நன்மை இதுதான். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு விரும்பிய நேர முறையைவிடப் பந்தி முறையே பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஒவ்வொரு இரவும் புதிய ஆளிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

உடை பற்றி ஒரு வார்த்தை. ஒரு வாரப் பயணத்தில் ஒன்று அல்லது இரண்டு இரவுகள் நல்ல உடை உடுத்தும் இரவாக இருக்கும். குனார்ட் கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல் உடை விஷயத்தில் மற்றவர்களைவிடக் கண்டிப்பு அதிகம். அதற்கு மனமில்லாத இரவில் பஃபேக்குப் போகலாம், அங்கே சாதாரண உடை போதும்.

பஃபேயின் ஒரு நாள்

பஃபே பெரும்பாலும் கப்பலின் மேல் டெக்குகளில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ராயல் கரீபியனில் விண்ட்ஜாமர், நார்வீஜியனில் கார்டன் கஃபே, செலிபிரிட்டியில் ஓஷன்வியூ கஃபே என்று பெயர் போட்டிருப்பார்கள். செயலியில் 'பஃபே' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் கப்பலுக்குக் கப்பல், நாளுக்கு நாள் மாறும். பொதுவான போக்கு இப்படி இருக்கும். காலை 6, 6.30 மணிக்குக் காபியும் ரொட்டி வகைகளும் வரும். 7-லிருந்து 10, 10.30 வரை முழுக் காலை உணவு. 11.30 அல்லது 12-லிருந்து 2.30, 3 மணி வரை மதிய உணவு. மாலை 5.30 அல்லது 6-லிருந்து 9 மணி வரை இரவு உணவு. எம்எஸ்சி கப்பல்கள் சிலவற்றில் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட பஃபேயின் ஏதாவது ஒரு பகுதி திறந்திருக்கும், ஆனால் எல்லா நிறுவனத்திலும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆக, இடைவெளிகள் மூன்று. காலையும் மதியமும் சேரும் இடத்தில் ஒரு மணி நேரம் இருக்கும், அது பெரிய விஷயமில்லை. பிற்பகல் 3-லிருந்து 5.30 வரையிலான இடைவெளிதான் ஆட்களை மாட்டிவிடுகிறது, கரையிலிருந்து திரும்புவது அந்த நேரத்தில்தானே. மூன்றாவது, இரவு 9-க்கு மேல். இந்த நேரங்களில் எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பர்கர் கடை, பீட்சா கவுன்டர், நடுத் தளத்தில் சாண்ட்விச்சும் கேக்கும் வைத்த கஃபே என்று கட்டணமில்லாத இடங்கள் பெரிய கப்பல்களில் நிச்சயம் இருக்கும். பர்கர் கடைகள் பல மாலை 6 மணிக்கே மூடிவிடும். பீட்சா கவுன்டர்தான் நள்ளிரவு தாண்டியும் ஓடும். கார்னிவல் கப்பல்கள் பலவற்றில் பீட்சா 24 மணி நேரமும் உண்டு.

எதற்காக மூட வேண்டும் என்று தோன்றலாம். திறந்து வைத்த உணவைக் காலவரையின்றி வைத்திருக்க முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970-களிலிருந்தே சோதித்து மதிப்பெண் போட்டு வருகிறது. அதன் விதிப்படி சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வெப்பநிலைக்குப் பதில் நேரத்தை வைத்துக் கட்டுப்படுத்தும் உணவை 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஒரு வேளை முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து, தேய்த்துக் கழுவி, அடுத்த வேளைக்குப் புதிதாக வைக்கத்தான் அந்த இடைவெளி. அந்த இரண்டரை மணி நேரம் நம்முடைய வயிற்றின் நன்மைக்கு.

அதே காரணத்துக்காகத்தான் வாசலில் கை கழுவும் தொட்டிகள். சானிடைசர் போதும் என்று நினைக்காதீர்கள். குரூஸ் கப்பல்களில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரு வேளைகூட இதைத் தவிர்க்காதீர்கள். கப்பலில் நோய் பரவுவதாகத் தெரிந்தால் கரண்டியைப் பயணிகள் கையில் தரமாட்டார்கள், ஊழியர்களே பரிமாறுவார்கள். வரிசை மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் எப்போது

ஏறும் நாள் மதியம் 12-லிருந்து 2 வரைதான் பயணத்திலேயே மிக மோசமான கூட்டம். கேபின்கள் தயாராக 1, 1.30 மணி ஆகும் என்பதால் எல்லோரும் கைப்பையோடு நேராகப் பஃபேக்குப் போவார்கள். அன்று முதன்மை உணவுக்கூடமோ வேறு சிறிய கஃபேயோ திறந்திருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள். பல கப்பல்களில் திறந்திருக்கும், பலருக்குத் தெரியாது. அமைதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கடலில் ஓடும் நாட்களில் காலை 8.30-லிருந்து 10 வரை நெரிசல், எல்லோரும் தாமதமாக எழுவார்கள். துறைமுக நாளில் அது முன்னால் நகர்ந்து 7-லிருந்து 8.30 ஆகிவிடும். கரைச் சுற்றுலா 8 மணிக்கு என்றால் 6.30-க்கே சாப்பிடப் போங்கள். இல்லாவிட்டால் முந்தின இரவே அறைச் சேவைக்கான அட்டையை நிரப்பிக் கதவில் மாட்டிவிடலாம், அல்லது செயலியில் கேட்கலாம். எளிய காலை உணவை அறைக்குக் கொண்டுவர பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற நேரத்து அறைச் சேவைக்குக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பஃபேக்குள் நுழைந்ததும் முதல் கவுன்டரில் நிற்காதீர்கள். பெரிய கப்பல்களில் இடது வலது இரண்டு பக்கமும் அதே உணவுகளைத்தான் வைத்திருப்பார்கள், கடைசிக்குப் போகப் போகக் கூட்டம் குறையும். குடும்பமாகப் போனால் ஒருவர் முதலில் மேசை பிடித்துவிடட்டும்.

அப்புறம் ஒன்று. பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கக் கூடாது. பழம், இறைச்சி, பால் பொருட்கள் உள்ளே வருவதைப் பல நாடுகள் தடை செய்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் விழும்.

கடிகாரமும் நிகழ்ச்சி நிரலும்

கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. அது துறைமுகத்து உள்ளூர் நேரத்தோடு சேரலாம், சேராமலும் போகலாம். செல்போன் கரையின் சிக்னலைப் பிடித்துத் தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டால் இரவு உணவு மட்டுமல்ல, கப்பலையே தவறவிடும் ஆபத்து இருக்கிறது. தானியங்கி நேர மாற்றத்தை அணைத்துவிட்டுக் கப்பல் நேரத்தை வையுங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாலையும் மறுநாளைய நிகழ்ச்சி நிரல் செயலியில் வரும், சில கப்பல்களில் தாளாகக் கேபினுக்கும் வரும். அதில் உணவு நேரங்களை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மதிய உணவுக்கு முதன்மைக் கூடம் துறைமுக நாட்களில் மூடியிருப்பது வழக்கம், அதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். தனிக் கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகத்தில் ஓர் இரவு பதிவு செய்திருந்தால் உங்கள் பந்தி வெயிட்டரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்காக இடத்தை வைத்துக்கொண்டு, மேசையில் மற்றவர்களையும் காக்க வைப்பார்கள். பந்திக்குப் பத்து நிமிடம் தாமதமானால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பஃபேக்குப் போவதுதான் முறை.

கடைசி இரவும் காலையும்

கடைசி இரவு பெரிய பெட்டிகளை 10, 11 மணிக்குள் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். இரண்டாவது பந்திக்காரர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கவே 10 ஆகிவிடும், ஆகவே பெட்டியைச் சாப்பிடப் போவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். மறுநாள் போடும் உடையும் மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கும் நாள் காலை உணவு வழக்கத்தைவிடச் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடியும், 8.30, 9 மணிக்கெல்லாம் பஃபேயை மூடிவிடுவார்கள். கேபினையும் 8 மணி வாக்கில் காலி செய்யச் சொல்வதால் எல்லோரும் பைகளோடு அங்கேதான் இருப்பார்கள். 6.30-க்கே போய்விடுங்கள். முதன்மை உணவுக்கூடம் திறந்திருந்தால் அங்கே போவது இன்னும் நல்லது, உட்கார இடம் தேடி அலைய வேண்டியிருக்காது.